ஒரு குற்றத்துக்கு ஒரு பணிநீக்கம்

ப்யோ இன்சொப்பை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று கேட்ட மனுவில் நாலாயிரத்து முந்நூறாவது கையெழுத்து விழுந்த வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது பேருந்தில், அந்த மனுவுக்குக் காரணமான இரண்டு வரிகளை எழுதிய பத்தொன்பது வயது ப்யோ இன்சொப் தோக்கம் துறைமுகத்தில் வந்து இறங்கினான். ஓட்டுநர் அவனிடம் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கட்டணத்தை வாங்கிக்கொண்டு, போகட்டும் என்று விட்டுவிட்டார். அன்று கணவாய் பெட்டி நாற்பத்தோராயிரம் வோனுக்குப் போனது, கீழைக் காற்று, நண்டுப் படகுகள் ஏழில் ஐந்து திரும்பியிருந்தன. பையன் இறங்கியதை ஐஸ் வண்டிக்காரர்கள், வலை தைப்பவர்கள், காபி விற்கிற பெண் என்று பதினோரு பேர் பார்த்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏலக்காரன் இன்சொப்பின் அதே முகம். தாடையில் தழும்பு மட்டும் இல்லை. அதை மீன்பெட்டி இழுக்கும் கொக்கி அவனுக்கு இருபத்து மூன்றாம் வயதில்தான் கொடுக்கப்போகிறது. உடம்பில், வாங்கித் தராவிட்டால் சோறு தின்ன மாட்டோம் என்று அந்த வருடம் நாட்டிலுள்ள பையன்களெல்லாம் அடம்பிடித்த கறுப்பு மலையேற்றக் கோட்டு. கையில் மூலை உடைந்த போன். அதில் பதினேழு சதவீதம் சார்ஜ் இருந்தது. இன்றைக்கும் பதினேழுதான்.

ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் வழிமறித்து, "டேய், யொங்ஜின் படகைப் பத்தி எழுதுனது நீதானே?" என்று கேட்டார். பையன் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமல், "ஆமா, போன செவ்வாய்க்கிழமை எழுதுனேன். எத்தனை லைக் வந்திருக்கு?" என்றான்.

முப்பத்து நாலு வயது இன்சொப் அப்போது எங்கள் ஏல மண்டபத்தின் ஏலக்காரன். இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல, ஊர் அன்று மத்தியானமே ஒருவனைப் பெரியவன் என்றும் மற்றவனைச் சின்னவன் என்றும் சொல்லத் தொடங்கிவிட்டது. இங்கும் அப்படியே இருக்கட்டும். எங்கள் மண்டபத்தில் விலையை வாயால் கேட்பதில்லை. வாங்குகிறவர்கள் எண் எழுதிய தொப்பியோடு வட்டமாக நின்று, மேல்கோட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அதன் மறைவில் விரல்களை நீட்டி மடக்கிக் காட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, மேடையில் நிற்பவனுக்கு மட்டும் தெரியும். நாற்பது கோட்டுக்குள் நாற்பது கையை மூன்று நொடியில் படித்து, ராகம் போட்டுக் கூவிக்கொண்டே, அதிக விலை காட்டியவனுடைய எண்ணைச் சொல்லி மணியடிக்க வேண்டும். பெரியவன் ஒன்பது வருடம் பெட்டி சுமந்து அந்த மேடைக்கு ஏறியவன். ஆறு வருடம் அங்கே நின்றான். அந்த வேலையைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் வேண்டியிருக்கவும் இல்லை. மனைவி இல்லை, கார் இல்லை, வலைக்கடை மாடியில் ஒரு அறை. காலை ஆறு மணிக்கு மேடையில் ஏறினால் மட்டும் அவன் ஒரு மனிதன்.

அவனுடைய பழசைத் தோண்டியது இருபத்தேழாம் எண் தொப்பி போட்ட வியாபாரி தாக். காரணம் நீதியும் இல்லை, நியாயமும் இல்லை, ஒரு குவியல் காட் மீன். அக்டோபர் மாதம் அந்தக் குவியல் ஒன்பதாம் எண்ணுக்குப் போய்விட்டது. தாக் மேடையைப் பார்த்து, "என் விரல் முதல்ல வந்துச்சுடா!" என்று கத்தினார். பெரியவன் ராகத்தை நிறுத்தாமலே, "விரல் முதல்ல வந்துச்சு அண்ணே, விலை பின்னாடி வந்துச்சு" என்றான். மண்டபம் சிரித்தது. முப்பது வருடம் வியாபாரம் செய்கிற மனிதனுக்கு நட்டம் பொறுக்கும், சிரிப்பு பொறுக்காது. தாக்கின் மருமகன் சியோலில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். மாமனாருக்காக மூன்று ராத்திரி செலவழித்து, பையன்கள் கூடிக் கும்மாளமடித்த ஒரு செத்துப்போன இணையச் சிரிப்புப் பலகையின் அடியிலிருந்து இரண்டு வரியைக் கிளறி எடுத்துவிட்டான்.

அந்த இரண்டு வரி என்ன என்பதை மறைத்தால் இந்தக் கதையே மோசடி. பதினைந்து குளிர்காலத்துக்கு முன்னால் யொங்ஜின் என்ற படகு ஆறு பேரோடு போய்த் திரும்பவில்லை. வீட்டார் பதினோரு நாள் துறைமுகச் சுவரோரம் காத்துக்கிடந்தார்கள். நாலாம் நாள் ஒரு பத்திரிகைக்காரன் எடுத்த படத்தில் குவாக் மல்சுன், அப்போது நாற்பத்தாறு வயது, கவிழ்த்த மீன்பெட்டிமேல் உட்கார்ந்து கிண்ண நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படகில் போனது அவள் புருஷன். சியோலில் கட்டில் அகல அறையில் இரண்டாம் தடவை கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன் அந்தப் படத்தைப் பலகையில் ஒட்டி, "இத்தனை வருஷம் நாம மீனைத் தின்னோம், இப்ப மீனுங்க விருந்து சாப்பிடுதுங்க. அத்தைக்கு மட்டும் ஏன் நூடுல்ஸ்?" என்று எழுதினான். நானூற்றுப் பன்னிரண்டு லைக் விழுந்தது. அந்த அறைகளில் அவனை மீன் நாற்றம் என்றுதான் கூப்பிடுவார்கள்; அந்த ஒரு வாரம் கூப்பிடவில்லை.

பிறகு தேர்வில் தேறாமல் ஊருக்கே வந்தான், பெட்டி சுமந்தான், மேடையேறினான். மல்சுன்னின் சிப்பிக் கடை மேடையிலிருந்து நாற்பது காலடி. பதினைந்து வருடம் தினமும் அவள் முகத்தைப் பார்த்தான், அவளிடம் சிப்பி வாங்கித் தின்றான், மழை நாளில் அவள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கொடுத்தான். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வந்த கோபத்தில் அவனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பங்கும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆனால் வந்த கோபம் அந்த அளவோடு நிற்கவில்லை. கடலே இல்லாத மாகாணங்களிலிருந்து ஆட்கள் மல்சுன்னுக்காக அழுதார்கள். அவளிடம் ஒரு சிப்பி வாங்கியிராதவர்கள் அவளை எங்கள் தாய் என்றார்கள். சியோல் உணவகக்காரர்கள் தோக்கம் மீனைத் தொட மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். உள்ளூர் இளைஞர் சங்கம் ஒரு படி மேலே போய், அந்தப் பழைய படத்தையே, அதே நூடுல்ஸ், அதே கவிழ்த்த பெட்டி, ஒன்பது மீட்டர் துணியில் அச்சடித்து, "இந்தத் தாயின் கண்ணீருக்கு நீதி" என்று எழுதித் துறைமுக வாசலில் குறுக்கே கட்டியது. மல்சுன் காலையில் கடை திறக்க அதன் கீழேதான் குனிந்து போக வேண்டும். காற்றடித்தால் துணி படபடக்கும். அவள் வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நூடுல்ஸ் ஆடும். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நிருபர் மட்டும் மைக்கை நீட்டினார். அவள் கத்தியை நிமிர்த்தி, "சிப்பி வாங்குறியா? இல்லேன்னா நகரு, வெளிச்சத்தை மறைக்கிற" என்றாள். துக்கத்தில் அவரால் பேச முடியவில்லை என்று அன்று மாலைச் செய்தியில் வந்தது.

எங்கள் நாட்டில் இந்த மாதிரிக் காரியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. தப்புச் செய்தவன் வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால், தன் கையாலேயே, ஓர் எழுத்துகூட அடித்துத் திருத்தாமல் மன்னிப்புக் கடிதம் எழுதி, அதைப் படம் பிடித்து ஊர் பார்க்கப் போட வேண்டும். ஊர் அதைத் திருத்தி மதிப்பெண் போடும். பெரியவனின் முதல் கடிதம் எழுத்து அழகாக இருக்கிறது, மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று தள்ளுபடியானது. இரண்டாவதில் "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக ஆயிரத்து இருநூறு கையெழுத்து கூடியது. மூன்றாவதின் ஓரத்தில் ஒரு கறை. கண்ணீரா கணவாய்த் தண்ணியா என்று இரண்டு நாள் விவாதம் நடந்து, கண்ணீராகவே இருக்கலாம் என்ற பக்கம் சற்றே சாய்ந்து முடிந்தது. அந்தக் கடிதம் அன்புக்குரிய குடிமக்களுக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கும், எங்கள் மீனை உண்ணும் அனைவருக்கும், உணவக உரிமையாளர்களுக்கும் எழுதப்பட்டிருந்தது. நாலாயிரம் பேர் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். மல்சுன்னின் பெயர் அதில் எங்கேயும் இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. எழுதியவனுக்கும் படவில்லை. நாற்பது காலடி நடந்தால் அவள் கடைக்குப் போய்விடலாம். அவன் நாடு முழுவதற்கும் தபால் போட்டான்.

சின்னவன் வந்து இறங்கியது இந்த நேரத்தில்தான். நேராக வலைக்கடை மாடிக்குப் போனான். பெரியவன் சோறும் முட்டைக்கோஸ் ஊறுகாய்க் குழம்பும் எடுத்து வைத்ததாக வலைக்கடைக்காரர் சொன்னார். பலகைத் தளம், கீழே எல்லாம் கேட்கும். சின்னவன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடைசியில இந்த நாத்தத்துக்கே வந்து சேர்ந்துட்டியா? வெக்கமா இல்ல?" என்றான். "சாப்பிடு" என்றான் பெரியவன். "நான் படிச்சு ஆஃபீஸ்ல இருப்பேன்னு நெனச்சேன். நீ என் வாழ்க்கையையே கெடுத்துட்ட." "குழம்பு ஆறுது, சாப்பிடுடா." சின்னவன் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டான். போன் வேலை செய்யாததால் பெரியவனுடையதை வாங்கிப் போட்டான். எடுத்தது ஒரு முத்திரை செதுக்கும் கடை. தவறான எண் என்றார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. "அம்மா நம்பரை மாத்திட்டாங்களா?" என்று கேட்டான். "அம்மா போய் எட்டு வருஷமாச்சுடா" என்றான் பெரியவன். "பொய் சொல்ற" என்று சின்னவன் சிரித்தான். அதன் பிறகு இரண்டு நாள் அவன் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பையன் அடங்கி ஒடுங்கித் தன் தவற்றை எண்ணிப் பார்க்கிறான் என்று ஊரில் பேச்சு பரவி, எல்லோருக்கும் ஓரளவு திருப்தி ஏற்பட்டது.

விசாரணை, மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சங்கத் தலைவர் சொக் சட்டப்புத்தகம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். எழுதியது யார் என்று முதலில் கேட்டார். சின்னவன் கையைத் தூக்கினான். "அப்ப உன்னைத்தான் தண்டிக்கணும்" என்றார் தலைவர். "தண்டிங்க. எனக்குத்தான் வேலையே இல்லையே, எதிலேருந்து நீக்குவீங்க?" தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். சங்கத்தின் ஊழியரை மட்டுமே நீக்க முடியும் என்று தெளிவாக எழுதியிருந்தது. விசாரணைக் குழுவிலிருந்த ஐந்து பேரும் பெரியவன் பக்கம் திரும்பினார்கள். அவனுக்கு அப்போது ஒரு வழி திறந்தே இருந்தது. இவன் எழுதினான், நான் எழுதவில்லை, பாருங்கள், ஆள் வேறு, தாடை வேறு என்று சொல்லியிருக்கலாம். ஒரு குழு உறுப்பினர் இரக்கப்பட்டு அந்த வழியைக் கையால் காட்டவும் செய்தார். பெரியவன், "சின்னப் பையன் மேல போடாதீங்க. அதை எழுதுனது நான்தான்" என்றான். அது நேர்மையான வார்த்தை. இந்த விவகாரம் முழுவதிலும் அந்தக் கட்டடத்துக்குள் சொல்லப்பட்ட ஒரே நேர்மையான வார்த்தை என்பதால் அதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டு, ஐந்துக்கு ஐந்து கையும் தூக்கி, நாலே முக்கால் மணிக்கு அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். உணவகக்காரர்களுக்கு ஐந்து மணிக்குத் தகவல் போய்விட்டது. தாக் அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்தோம்.

பெரியவன் மறுநாள் முதல் பேருந்தில் ஊரைவிட்டுப் போனான். சின்னவன் போகவில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்துத் துறையிலிருந்து ஒரு மாற்று ஏலக்காரரை அழைத்து வந்தார்கள். நல்ல மனிதர், கண் சரியில்லை. கோட்டுக்குள் மூன்று விரலை இரண்டு என்பார். அவர் மணியடிப்பதற்குள் மீன் ஒரு நாள் மூத்துவிடும். இரண்டாம் வாரத்தில் நண்டுப் படகுகள் வடக்கே போய் விற்கத் தொடங்கின. அதே நாட்களில் சின்னவன் பொழுது போகாமல் மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டு, கோட்டுக்குள் தெரிவதையெல்லாம் கூவி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான். "இருபத்தேழு மூணு விரல் நீட்டுறாரு, பொண்டாட்டி ஞாபகம் வந்து ஒண்ணை மடக்குறாரு!" அதே கண். அதே தொண்டை, ஒரு சுருதி மேலே. தலைவர் சொக் தூணுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வந்து நின்று கேட்டார். மூன்றாம் நாள் நகரத்திலிருந்து ஒரு நிறுவனத்தை வைத்து, முறைப்படி, பையனின் பழைய பதிவுகளையெல்லாம் சோதிக்கச் சொன்னார். அறிக்கை பதினான்கு பக்கம் வந்தது. மேற்படி நபரின் பெயரில் ஆட்சேபத்துக்குரிய பதிவு ஒன்றே ஒன்று, அந்தப் பதிவுக்காக உரிய பணிநீக்கம் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டுவிட்டது, எனவே நிலுவையில் ஏதும் இல்லை. பெரியவனின் ஏலக்காரர் உரிமச் சான்றில் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தின. படத்தில் தழும்பு கூடுதலாக இருந்தது, அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு குற்றத்துக்கு ஒரு பணிநீக்கம், இரண்டாவது புத்தகத்தில் இல்லை என்று தலைவர் சொல்ல, குழு ஐந்து கையைத் தூக்கியது. இப்படியாக, யொங்ஜின் படகைப் பார்த்துச் சிரித்தவனை நீக்கிய நாற்காலியில், சிரித்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகாதவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். உணவகக்காரர்கள் மறுபடி மீன் வாங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒருவன் போய்விட்டான் என்ற செய்தி. போனது எவன், இருப்பது எவன் என்பதை யார் பார்க்கிறார்கள்.

வருடத்தின் மிக நீளமான இரவு கழிந்த காலையில், சிவப்புப் பயற்றங்கஞ்சி குடித்துவிட்டு வந்து, திரும்பாத படகுகளின் பெயரைச் சொல்வது தோக்கத்தின் வழக்கம். மீன் ஏலத்துக்கு முன்னால் அது. ஏலக்காரன் ஒவ்வொரு பெயராக ஏலப் பொருளைச் சொல்வதுபோலவே சொல்லுவான். சொல்லிவிட்டு நிறுத்துவான். வாங்குகிறவர்கள் கோட்டைத் திறந்து வெறுங்கையைக் காட்டுவார்கள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் விற்கப்படாது, அது அந்த வீட்டாருடையதாகவே இருக்கும் என்று பொருள். பெரியவன் ஆறு வருடம் சொன்னான். யொங்ஜின் என்ற பெயரில் அவன் குரல் இறங்கும். அது ஏன் என்று எங்களுக்கு நவம்பரில்தான் தெரிந்தது. சின்னவனுக்கு மெதுவாகச் சொல்லப்பா என்று எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அவன் கணவாய்ப் பெட்டி தள்ளுவதுபோலச் சொன்னான். பதினோரு பெயர், மூச்சு விடாமல். ஒன்பதாவது, "யொங்ஜின், யொங்ஜின், ஆறு ஆளு, யாரு கேக்குறீங்க, யாரு, யாரு" என்று அந்த ராகம் உருண்ட வேகத்தில், முப்பது வருடப் பழக்கத்தில், இருபத்தேழாம் எண் தாக்கின் கோட்டுக்குள் இரண்டு விரல் தானாக நீண்டது. "இருபத்தேழு! முடிஞ்சது!" என்று சின்னவன் மணியடித்தான். எழுத்தர் சீட்டைக் கிழித்து நீட்டியபின்தான் நடந்தது விரல் நீட்டியவருக்கே விளங்கியது.

தாக் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மல்சுன் கத்தியைக் கடையில் வைத்துவிட்டு வந்தாள். அதற்காக ஊர் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரப்பர் உறையைக் கழற்றாமல் மேடையேறி, சின்னவன் கன்னத்தில் விட்ட அறையில் சிப்பித் தண்ணீர் மூன்று வரிசைவரை தெறித்தது. சின்னவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே விளங்காத முகத்தோடு, "என்னை எதுக்கு அடிக்கிறீங்க அத்தை? அதுக்குத்தான் ஒருத்தரை வேலையை விட்டு எடுத்தாச்சே!" என்று கேட்டான். சொன்னால் வெட்கம், கூட்டத்தில் இரண்டு மூன்று தலை ஆமாம் என்று ஆடியது. புத்தகப்படி அவன் சொன்னது சரி.

தலைவர் சொக் ஓடிவந்து, "அக்கா, அக்கா, கோவப்படாதீங்க. எல்லாம் உங்களுக்காகத்தானே செஞ்சோம்" என்றார்.

"எனக்காகவா?" என்றாள் மல்சுன். "என் படத்தைத் துணியில அடிச்சு வாசல்ல தொங்கவிட்டது எனக்காகவா? இந்தப் பய ஒரு தடவைதான்டா சிரிச்சான். நீங்க நாப்பது நாளா என்னைக் காத்துல ஆட்டுறீங்க. பெரியவனைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"மன்னிச்சிட்டீங்களா அக்கா?" என்று தலைவர் ஆசையாகக் கேட்டார். ஓர் அறிக்கைக்கு அது நல்ல தலைப்பு.

"எவன்டா சொன்னான் மன்னிச்சேன்னு? காலையில ஆறு மணிக்கு அவன் இந்த மேடையில நிக்கணும். நான் அங்க நிக்கணும். நான் திட்டணும், அவன் கேக்கணும். எவன் மேலே கோவப்படுறதுன்னு தெரியாம பதினஞ்சு வருஷமா கடலைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு ஆள் கெடச்சான். கெடச்ச வாரமே ஊரை விட்டுத் துரத்திட்டு, எனக்காகச் செஞ்சோங்கிறீங்களே, பாவிங்களா, என் கோவத்தையும் நீங்களே பட்டுட்டா நான் என்னத்தைத்தான் வச்சுக்கிறது?"

இதற்குத் தலைவரிடம் பதில் இருந்தது: தீர்மானம் நிறைவேறிவிட்டது, வெளியே எழுத்தில் போய்விட்டது, திரும்பப் பெற வழியில்லை. யொங்ஜின் விற்பனையை மட்டும் பெரிய மனது பண்ணி ரத்து செய்தார்கள். துணியை இறக்குவது பற்றியும் பேசினார்கள். நகராட்சி அனுமதி ஜனவரி கடைசிவரை இருந்ததால் அதுவரை தொங்கட்டும் என்று முடிவானது. தொங்கியது.

சின்னவன் இப்போது நாலாவது வருடமாகப் பத்தொன்பது வயதில் இருக்கிறான். ஆகஸ்டு வெயிலிலும் கோட்டைக் கழற்றுவதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் சங்கம் அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது. போன வருடம் சிறந்த ஏலக்காரனுக்கான மாகாணப் பரிசு வாங்கினான். மேடையில் சிரித்துக்கொண்டே வாங்கினான். காட் மீனுக்கு அவன் காலத்தில் கிடைத்த விலை வேறெவன் காலத்திலும் கிடைத்ததில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிற வியாபாரிகள் அவனைப் பற்றிக் கேட்டால், அவன் அப்படித்தான், மூப்பதில்லை என்று சொல்லிவிட்டு விலைக்குப் போய்விடுகிறோம்.

பெரியவன் தெற்கே இரண்டாவது துறைமுகத்தில் ஐஸ் ஆலையில் ஐஸ் அள்ளிப் போடுகிறான் என்று மல்சுன்னுக்கு ஒரு லாரிக்காரர் மூலம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடை விடுமுறை. பேருந்தில் இரண்டு மணி நேரம் போனாள். அவன் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். சட்டைப் பைக்குள் கையை விட்டான். நாலாவது கடிதம் அங்கே எழுதி வைத்திருந்திருக்கிறான், இந்தத் தடவை அவள் பெயருக்கே. "பேப்பரை எடுத்தே, கையை ஒடிப்பேன்" என்றாள் மல்சுன். "மண்டியும் போடாதே. நில்லு. என்னைப் பாரு." பிறகு பேசத் தொடங்கினாள். நூடுல்ஸிலிருந்து தொடங்கினாள்: மூன்று நாள் ஒன்றும் இறங்காத தொண்டை, கிண்ணத்தை யாரோ கையில் திணித்தது, அது ஆறிப்போயிருந்தது, இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை, அந்த இரண்டாவது வாயைத்தான் படம் பிடித்தார்கள் என்பது. பிறகு புருஷனுக்குப் போனாள், அவன் குறட்டைக்கு, அவன் விட்டுப்போன ரப்பர் பூட்ஸுக்கு, மறுபடி இவனுக்கு, இவன் அம்மாவுக்கு, இவன் தின்ற சிப்பிகளுக்கு. ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது; பாதி வார்த்தையை அது தின்றது. "கேக்கல அத்தை, திரும்பச் சொல்லுங்க" என்று பெரியவன் இரண்டு தடவை கேட்க, அவளும் இரண்டு தடவை, இன்னும் மோசமாக, திரும்பச் சொன்னாள். பன்னிரண்டு மணிப் பேருந்தில் ஊருக்கு வந்துவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனாள்.

நாலு வருடமாகப் போகிறாள். மன்னித்ததாக இதுவரை தகவல் இல்லை. அந்த ஆலையில் மூன்றாவது வாரத்திலிருந்து, செவ்வாய்க்கிழமை பதினோரு மணியானால், மேற்பார்வையாளர் இயந்திரத்தை அரைமணி நேரம் நிறுத்திவிடுகிறார்.